மறு: மேலாளர் செய்யும் ‘கோச்சிங்’குக்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

> ‘பயிற்சியளித்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

விளையாட்டுத் திடலில் அது போதும். அலுவலகத்தில் இடிக்கிறது. ‘ட்ரெயினிங்’கும் பயிற்சி, ‘கோச்சிங்’கும் பயிற்சி என்றால், "மேலாளர் பயிற்சி தருகிறார்" என்ற வரியைப் படிப்பவர் வகுப்பறையைத்தான் நினைப்பார். இங்கே பேசப்படும் செயலோ அதற்கு நேர் எதிர்: தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு, வந்தவரையே யோசிக்க விடுவது.

இத்தனைக்கும் இந்தப் பொருள் வந்ததே விளையாட்டிலிருந்துதான். டென்னிஸ் கற்றுக்கொடுத்த திமோத்தி கால்வே, ஆட்டக்காரரிடம் திருத்தங்களை அடுக்குவதைவிட அவரையே பந்தைக் கவனிக்க வைத்தால் ஆட்டம் தேறுகிறது என்று 1974இல் எழுதினார். அதை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஜான் விட்மோர் முக்கியமானவர். நல்ல மேலாளரின் இயல்புகள் எவை என்று கூகுள் 2008இல் ஆராயத் தொடங்கி, பிறகு வெளியிட்ட பட்டியலில் முதலில் நின்றதும் இதுவே.

> ‘ஆற்றுப்படுத்தல்’ அழகான சொல். எடுத்துக்கொள்ளலாமே?

அழகுதான். ஆனால் பொருநராற்றுப்படையிலும் பாணாற்றுப்படைகளிலும் நடப்பது என்ன? பரிசில் பெற்றுத் திரும்புபவன் எதிரே வருபவனிடம், இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ என்கிறான். அசல் அறிவுரை! அது ‘மென்ட்டர்’ பார்க்கும் வேலை. (கவுன்சலிங்குக்கும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றே புழங்குகிறார்கள் என்பது தனிச் சிக்கல்.) வழிகாட்டல், நெறிப்படுத்தல் இரண்டும் இதே காரணத்தால் எனக்கு ஒப்பவில்லை. மூன்றிலும் காட்டுபவருக்கு வழி முன்பே தெரிந்திருக்கிறது.

என் முன்மொழிவு: வினாத்துணை. செய்பவர் வினாத்துணைவர். "குழுவில் இருவருக்கு வினாத்துணையாக இருக்கிறேன்" – வாயில் சரளமாக வருகிறதா, சொல்லிப் பாருங்கள்.

> கேள்வி கேட்டால் ஆயிற்றா? விசாரணை வாடை அடிக்கிறதே.

நியாயமான ஐயம். ஊழியர் ஒருவர் வந்து, "வாடிக்கையாளர் தேதியை முன்னுக்கு இழுக்கிறார், என்ன செய்யட்டும்?" என்கிறார். "அவரிடம் நேரிலேயே பேசிப் பார்க்கக் கூடாதா?" என்று மேலாளர் கேட்டால், அது கேள்விக்குறி மாட்டிய அறிவுரை. "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றால் விசாரணை. "அவர் எதற்காக அவசரப்படுகிறார் என்று நினைக்கிறீர்கள்?", "எதைத் தள்ளிவைத்தால் அந்தத் தேதிக்கு முடியும்?" – இவை வேறு ரகம். விடையை ஊழியர்தான் தேட வேண்டும். கேட்டுவிட்டு மேலாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். பலருக்கு அதுதான் ஆகாத காரியம். ‘வினவல்’ என்று மட்டும் வைத்தால் மூன்று ரகமும் ஒன்றாகிவிடும். ‘துணை’ சேர்ந்தது அதற்காகவே.

> அப்படியானால் ‘உசாத்துணை’?

உசாவுதல் என்றால் ஆலோசனை கேட்பது. அதில் உசாவுபவர் ஊழியர். இங்கே கேட்பவர் மேலாளர். திசை மாறிவிடுகிறது. தவிர, அந்தச் சொல் நூற்பட்டியலுக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது.

> கிளைச்சொற்கள்?

இந்த உரையாடலை நடத்திச்செல்ல விட்மோர் பரப்பிய ‘க்ரோ’ (GROW) முறையில் நான்கு படிகள். இலக்கு, நிலவரம், வழிகள் – மூன்றும் எளிது. நான்காவதான ‘வில்’லுக்கு (will) ‘மனவுறுதி’ என்று சிலர் எழுதுகிறார்கள். மேடைப் பேச்சு போல இருக்கிறது. அந்தப் படியில் கேட்கப்படுவது "இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எப்போது?" என்பதுதான். எனவே ‘துணிபு’. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் வருகிற துணிதல்.

சொல்விளக்கத்தில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும். தலைபோகிற அவசரத்திலும், வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவரிடமும் வினாத்துணை எடுபடாது. தெரியாததைக் கேட்டுக் கேட்டு வரவழைக்க முடியாது. நேராகச் சொல்லிக்கொடுத்துவிடுவதே மரியாதை. அதற்குப் ‘பயிற்சியளித்தல்’ இருக்கவே இருக்கிறது.

வினைவடிவம்தான் இன்னும் உறுத்துகிறது. ‘வினாத்துணை புரிதல்’ வாழ்த்துமடல் நடையாகிறது, ‘வினாத்துணைத்தல்’ காதில் நாராசம். வேறு ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.