காட்டுப்பன்றிக்கு எந்த கேலிபர் (துப்பாக்கிக் குழல் அளவு)? .22 போதுமா, .315 வேணுமா?

மல்லாட்டைக் கழனி, குடியாத்தம்
காய் பிடிக்கிற நேரம் பார்த்து பன்றிக் கூட்டம் இறங்கி மல்லாட்டையைக் கிளறிப் போட்டுடுது. காப்புக்காட்டுல இருந்து கழனி 4 கி.மீ. 3 கி.மீ. தாண்டினா சுடலாம்னு 2025ல அரசாணை வந்துச்சே, லைசென்ஸ் உள்ளவர் சுடலாமா? .22 போதும்னு ஒருத்தர், .315 வேணும்னு இன்னொருத்தர். துடிக்கவிடாம முடியணும்.

பாலாற்றங்கரை
.22 வேண்டவே வேண்டாம். 40 கிரெயின் (குண்டோட எடை அளவு) குண்டு, குழல் வாயிலேயே 140 அடி-பவுண்டு சக்திதான். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்ல கெட்டியான கவசத்தோல் இருக்கு. நுரையீரல் வரை போறது சந்தேகம். போனாலும் கொழுப்பு துளையை அடைச்சிடும். ரத்தத் தடம் கிடைக்காது, புதர்ல கிடந்து சாகும்.

.315ல 244 கிரெயின் சாஃப்ட் நோஸ் (பட்டதும் முனை விரியிற குண்டு), 80 மீட்டருக்குள்ள தாராளம். .30-06ல 150லிருந்து 180 கிரெயின் இன்னும் நல்லது. வெளிநாட்டுல .308 அதிகம்; .243ன்னா 100 கிரெயினுக்குக் கீழ போகக்கூடாது.

கேலிபரைவிட முக்கியம் குறி. பன்றிக்கு இதயம் மானைவிட முன்னாடி, தாழ்வா இருக்கு. பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்கால் நேரா, அடிவயித்துல இருந்து மூணுல ஒரு பங்கு உயரம். தோளுக்குப் பின்னால வெச்சா குடல்ல படும். பின்னால ஏரிக்கரை மாதிரி மண்மேடு இல்லைன்னா சுடவே கூடாது.

வரப்பு
தூரக் கணக்கு சரி, ஆனா சுட வேண்டியது நீங்க இல்லை. அரசாணைப்படி காப்புக்காட்டுல இருந்து 1 கி.மீ.க்குள்ள சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கு மேல பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுங்க மட்டும்தான். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்க மட்டும்தான். வி.ஏ.ஓ., வனவர், ஊராட்சிப் பிரதிநிதி இருக்கிற கிராமக் குழுவுக்கு மனு கொடுங்க. சேதத்தை அன்னைக்கே போட்டோ எடுத்து, பட்டா, அடங்கல் நகலோட ரேஞ்சர் ஆபீஸ்ல நஷ்டஈடும் கேளுங்க.

மல்லாட்டைக் கழனி, குடியாத்தம்
குழு வர்ற வரைக்கும்? பக்கத்துல ஈ.பி. லைன்ல கம்பி கட்டச் சொல்றாங்க.

வரப்பு
கட்டாதீங்க, தண்ணி பாய்ச்ச வர்ற ஆளே செத்துடுவார். நாட்டு வெடியும் அப்படித்தான், மேய்ற மாட்டோட வாய் சிதறும். சோலார் வேலி போடுங்க: 20, 45 செ.மீ. உயரத்துல ரெண்டு கம்பி போதும். பன்றி மூக்கால முட்டித்தான் வரும், ஷாக் அங்கதான் படணும். புல் கம்பியைத் தொட்டா கரண்ட் இறங்கிடும், அடிக்கடி செதுக்கணும். கோடையில மண் காய்ஞ்சா எர்த் எடுக்காது. எர்த் கம்பிய ஆழமா இறக்கி, அடியில தண்ணி ஊத்துங்க.