புதுப்பிப்பு: வேதாரண்யம் பக்கம் கூரை போட்டுவிட்டு வந்தோம்

கஜா புயலில் (2018 நவம்பர் 16) வீடு போனவர்களுக்குக் கூரை போட எங்கள் சர்ச் சபையிலிருந்து போகிறோம், என்ன கொண்டுபோகலாம் என்று டிசம்பரில் கேட்டிருந்தேன் அல்லவா, போய் வந்தாயிற்று.

"பழைய துணி மட்டும் வேண்டாம்" என்று எழுதியவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவில் யாரும் தொடாத மூட்டைகள் மலை மாதிரி கிடந்தன.

நாங்கள் கூரை ஷீட்டும், அதைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற கொக்கி மாதிரியான ஜே போல்ட்டுமாகப் போய் இறங்கினால், முதல் வீட்டுப் பாட்டி, "தம்பி, கூரை இருக்கட்டும், மொதல்ல இந்த மரத்தை அறுத்துப் போடுங்க" என்றார். வாசலுக்குக் குறுக்கே இரண்டு தென்னை. அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, தப்பி நிற்கிற நாலு மரத்தையும் தின்றுவிடும் என்பது அவர் கவலை. நியாயம்தானே, புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதனால் மூன்று நாளில் பத்து வீடு என்ற எங்கள் கணக்கு நாலு வீட்டோடு நின்றது. போட்டவரை ஓரங்களில் போல்ட்டை நெருக்கி அடித்தோம், காற்று முதலில் தூக்குவது ஓரத்தைத்தான்.

அப்புறம், ஜெபக்கூட்டம் நடத்தவா போகிறீர்கள் என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. தங்கியதே மாரியம்மன் கோவில் மண்டபத்தில், ராத்திரி சாப்பாடும் ஊர்க்காரர்கள் போட்டதுதான்.

பொங்கல் கழித்து மறுபடி போகிறோம். மரம் அறுக்கும் மெஷினுக்குச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.