சம பகலிரவு நாள் சூரியோதயம்: 22ஆ 23ஆ, எங்கே கூடலாம்?

தோவாளைக்காரன்:
2026 செப்டம்பரில் 30 பிள்ளைகளோடு கடற்கரையில் கூடிப் பார்க்கத் திட்டம். நாகர்கோவிலில் இருந்து வேனில் வருகிறோம், சொத்தவிளைக் கடற்கரைதான் பக்கம். தேதி 22ஆ 23ஆ? உதயம் முடிந்ததும் கலைந்துவிடாமல் ஏதாவது செய்து காட்டலாமா? அன்றைக்கு நிழலே விழாதாமே?

லீபுரம்_காத்து:
23தான் அண்ணாச்சி. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கிறது அன்னைக்குக் காலை 5.35, உதயம் 6.09. இவ்வளவு ஒட்டி அமையறது லேசில்ல.

சொத்தவிளை வேண்டாம். அந்தக் கரை தென்மேற்கு பார்த்தது. நேர்க்கிழக்குல கடல் கிடையாது, தரைதான். கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்துல நிக்கிற இடத்தைப் பொறுத்து விவேகானந்தர் பாறை குறுக்கே வரும், கூட்டமும் சாஸ்தி. குமரிக்கு வடகிழக்கே கடலோரமா இருக்கிற வட்டக்கோட்டையை ஒட்டின மணலுக்குப் போங்க. கிழக்கே திறந்த கடல்.

5.30க்கே நில்லுங்க. இங்க சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா ஏறும், விடியல் வெளிச்சம் 20 நிமிஷம்தான். மேல்விளிம்பு தெரிஞ்சு முழு வட்டம் வர 2 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அடிவானத்துல மேகம் நின்னா கையை நீட்டிக் கட்டைவிரலால அளங்க: விரல் அகலம் 2 டிகிரி, அதாவது 8 நிமிஷம் தாமதம். அதுக்கு முன்னால வேனைக் கிளப்பிடாதீங்க. விளக்கு ஏத்தறதா இருந்தா, குத்துவிளக்கு கடக்காத்துல நிக்காது, அரிக்கேன் போதும்.

கோணமானி:
நிழல் மறைவது நிலநடுக்கோட்டில். நமக்கு அட்சரேகை 8 டிகிரி. நிழலில்லா நாள் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் வந்துபோகும்.

ஆனால் நிழலை வைத்தே செய்து காட்டலாம். 4 அடிக்கு 1 அடி ப்ளைவுட், நடுவில் 30 செ.மீ. கம்பி. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக வைத்து, ரசமட்டம் பிடித்துச் சமன் செய்யுங்கள். காலை 8 மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி. அதற்கு முன் தொடங்கினால் நிழல் பலகையைத் தாண்டிவிடும். புள்ளிகளைச் சேர்த்தால் அளவுகோல் வைத்தது போல நேர்கோடு; வேறு நாட்களில் அது வளையும். சூரியன் உச்சிக்கு வரும் 12.12க்கு நுனி கம்பியின் அடியிலிருந்து வடக்கே 4.3 செ.மீ. தள்ளி நிற்கும்.

ஒரு சூட்சுமம்: பலகை சாய்ந்திருந்தாலும் கோடு நேராகத்தான் வரும். அதனால் சரியாகச் செய்துவிட்டோம் என்று ஏமாந்துபோவார்கள். கெட்டுப்போவது திசையும் அந்த 4.3ம்தான். மணல் கம்பியடியில் இறங்கும், பலகைக்குக் கீழே செங்கல் கொடுங்கள்.

தோவாளைக்காரன்:
23 புதன்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு. 20ஆம் தேதி ஞாயிறு வைக்கலாமா?

கோணமானி:
உதயப் புள்ளி ஒரு நாளைக்கு 0.4 டிகிரி தெற்கே நகரும். 20ஆம் தேதி அது நேர்க்கிழக்கிலிருந்து சூரிய வட்டத்தின் அகலத்தில் இரண்டு மடங்கு வடக்கே இருக்கும், நிழல் கோட்டில் மெல்லிய வளைவும் வரும். பார்க்க மட்டும் என்றால் பரவாயில்லை. பகலும் இரவும் அன்று சமம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 23லேயே பகல் 12 மணி 7 நிமிடம்; மேல்விளிம்பு எட்டிப் பார்த்ததுமே உதயம் என்று கணக்கு, போதாததற்குக் காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது. சரியாக 12 மணி நேரம் அக்டோபர் 8 வாக்கில்தான்.

லீபுரம்_காத்து:
எந்த நாளானாலும் முந்தின ராத்திரி இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) போடுற அலை எச்சரிக்கையைப் பார்த்துடுங்க. கள்ளக்கடல்னு, அதாவது காத்தில்லாமலே திடீர்னு கரையேறுற பெரிய அலைன்னு போட்டிருந்தா பிள்ளைகளை மணலுக்கே இறக்காதீங்க.