சிங்கப்பூரும் லெகோலேண்டும்: போய் வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். மே லீவுக்குச் செந்தோசா யுனிவர்சல் ஸ்டுடியோஸ், அப்படியே பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்ல லெகோலேண்ட் தீம் பார்க்னு பிளான். சின்னவன் உயரம் 119 செ.மீ. யுனிவர்சல்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 போதும், ஏறிடுவான். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 வேணுமாம். அதுக்காகத் தினமும் கதவு நிலையில முதுகை ஒட்டி நின்னு பென்சில் கோடு போடச் சொல்றான், குதிகாலைத் தூக்கிக்கிட்டு!

லெகோலேண்ட் போயிட்டு மறுபடி சிங்கப்பூர் வரணும்னா மல்டிபிள் என்ட்ரி விசா வேணும்ல? ஏஜென்ட் "பாத்துக்கலாம் சார்"னு இழுக்கிறார். குடும்பமா போனவங்களுக்கு அது கிடைச்சுதா?

சில்வர் பீச் ராட்டினத்துக்கே கண்ணை மூடிக்கிற எங்க அம்மாவும் வராங்க. சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவுல இருக்கிற பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இமிக்ரேஷனுக்காக பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில நிக்கணுமே, முட்டி வலியோட முடியுமா? கார் பேசிடலாமா, இல்ல ஜோகூர்லயே ஒரு ராத்திரி தங்கிடலாமா?