'புரொமிஸ்' என்ற சொல்லால் மனதில் தங்கிப்போன சம்பவம்

திருநெல்வேலி ரீச்சர்

சாதாரண தர வகுப்பு, பின்னேர ரியூசன். 'ஐ புரொமிஸ்ட் மை மதர் ரு கம் ஹோம்' என்று பலகையில் எழுதி, தமிழில் எழுதச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம் இது. 'ரோல்ட்' (சொன்னேன்) என்று போட்டால் வரவேண்டியது அம்மா, 'புரொமிஸ்ட்' என்று போட்டால் வரவேண்டியது நான். மற்றச் சொற்கள் அப்படியே இருக்கும், வினை மாறினால் ஆள் மாறிவிடும். ஒரு பிள்ளை, 'வீட்டுக்கு வருவதாக அம்மா எனக்கு வாக்குத் தந்தா' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் 'அம்மா'வைச் சுற்றி வட்டம் போட்டு, "வாறது நீங்கள், அம்மா இல்லை" என்றேன்.

"அம்மாதான் மிஸ் வரவேணும். அவ குவைத்தில" என்றாள், தலை நிமிராமல்.

பிறகு 'மை மதர் புரொமிஸ்ட் மீ ரு கம் ஹோம்' என்று அவளுக்காகவே எழுதிக் கொடுத்தேன். பார்த்துக் கொப்பியில் எழுதினாள். கொஞ்சம் பொறுத்து, "மிஸ், இது இறந்தகாலம்தானே. ஆனா அவ வந்திட்டாவோ இல்லையோ எண்டு இந்த வசனத்தில தெரியாதே?" என்று கேட்டாள். அதற்கு இலக்கண விடை என்னிடம் இருந்தது. முடிந்துபோனது வாக்குக் கொடுத்தது மட்டும்தான், வருகிறதைப் பற்றி அந்த வினை ஒன்றும் சொல்லாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று மாதமாகிறது.

சுன்னாகத்தான்

எங்கள் வாயில் அது வினையே இல்லை ரீச்சர். 'புரொமிஸா நான் எடுக்கேல்லை' என்கிறோம். 'சத்தியமா' இருந்த கதிரையில் வந்து இருந்துவிட்டது.

அக்காவின் மகனுக்கு ஏழு வயது. ஆச்சியின் சுருக்குப்பையில் நூறு ரூபாயைக் காணவில்லை. "அம்மாவாணை" என்று தொடங்கினான், ஆச்சி அவன் வாயைப் பொத்தினா. "அம்மாவை இழுக்காதை, பலிச்சிடும்." உடனே, "அப்ப புரொமிஸ்" என்று கையை நீட்டினான். ஆச்சி அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தா, தொடவில்லை. "அது பொய்யெண்டா ஆற்றை தலையில விழும்?" என்று கேட்டா. கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியதைப் பார்த்து வளர்ந்த மனுசி. யாருடைய தலையிலும் விழாத சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அவவின் கேள்வி.

காசு இரண்டு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் பெடியன் யாரோடும் கதைக்கவில்லை.

கொக்குவில் பெடியன்

சுன்னாகத்தாருக்கு: நடந்து முடிந்ததற்குப் புரொமிஸ் சொல்வது பிழை. வரப்போவதற்குத்தான் அந்தச் சொல்.

என் கதை சின்னது. ஒரு வேலை நேர்முகத்தில், 'ஐ ஆம் புரொமிசிங், ஐ வில் கம் ஏர்லி' என்றேன். கேட்டவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "அதை நாங்கள்தானே சொல்லவேணும், தம்பி" என்றார். 'புரொமிசிங்' என்றால் 'முன்னுக்கு வரக்கூடியவர்' என்றும் பொருள் இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 'ஐ புரொமிஸ்' என்று சாதாரண நிகழ்காலத்தில் சொன்னால், சொன்ன அந்தக் கணமே வாக்குக் கொடுத்தாயிற்று. 'இங்' சேர்த்தால் அந்த வலு போய்விடும். யாருக்கு வாக்கு என்பதை நேரே போடுங்கள், நடுவில் 'ரு' வேண்டாம்: 'ஐ புரொமிஸ்ட் ஹிம்'. 'கமிற்றட் ரு' அப்படியில்லை, அதற்குப் பிறகு வினை வந்தால் 'இங்' வேணும்: 'கமிற்றட் ரு ஹெல்ப்பிங்'. 'வவ்' என்பது நல்லூரில் காவடி எடுக்கிற நேர்த்தி மாதிரியான பெரிய சொல், கடைக்குத் தரவேண்டிய காசுக்கெல்லாம் அதைப் போடக்கூடாது. வேலை விண்ணப்பத்தில் இது ஒன்றுமே வேண்டாம், 'ஐ வில்' காணும்.

மானிப்பாய்

பிழையில்லை தம்பி. 'ஐ புரொமிஸ் யூ, ஐ டிடின்ற் ரேக் இற்' என்று ஆங்கிலேயரே சொல்வார்கள். அங்கே அது 'உறுதியாய்ச் சொல்கிறேன்' என்ற பொருளில் வரும். அந்தச் சின்னப் பெடியன் சரியாகத்தான் பேசியிருக்கிறான்.

எனக்கு மறக்காமல் இருப்பது 'அண்டர்ரேக்கிங்'. அண்ணா அம்மாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தபோது கையெழுத்து வைத்த படிவத்தில் இருந்த சொல். மனைவியை எடுப்பதென்றால் 3 வருடப் பொறுப்பு, தாய் தகப்பனுக்கு 20 வருடம். கியூபெக்கில் கணக்கு வேறு. அம்மா அங்கே அரச உதவிப்பணம் எடுத்தால் அண்ணா திருப்பிக் கட்டவேண்டும். விறாந்தையில் இருந்து வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இருபது வருசம் என்னைப் பாக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறானோ?"

"ஓம் அம்மா."

அம்மாவுக்கு அப்போது 71. விரல் விட்டு எண்ணி, "தொண்ணூற்றொண்டு" என்றா. படிவத்தின் பிரதியை வாங்கி, காணி உறுதி இருக்கிற தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினா. எங்கள் ஊரில் காணிக்கு எழுதுவதும் உறுதி, ஆளுக்குக் கொடுப்பதும் உறுதிதானே.

விசா வந்தபோது போகமாட்டேன் என்றுவிட்டா. "அவன் எழுதினதே காணும்."

பண்டத்தரிப்பு

மாமியிடம் புரொமிசுக்குத் தமிழ் கேட்டால் 'வாக்குத்தத்தம்' என்பா. வருடப்பிறப்பு ஆராதனையில் வசனம் எழுதிய அட்டை கொடுப்பார்கள் அல்லவா, மாமியின் வேதாகமத்துக்குள் 1995ஆம் ஆண்டு அட்டை இன்னும் இருக்கிறது. சண்டையால் வலிகாமமே இடம்பெயர்ந்த அந்த ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது நனைந்து, எழுத்து பாதி ஊறிப்போய்விட்டது. மிச்ச வசனம் என்ன என்று கேட்டேன். பார்க்காமலே முழுதும் சொன்னா.

ரீச்சர், அந்தப் பிள்ளையின் அம்மா வந்துவிட்டாவா?

திருநெல்வேலி ரீச்சர்

இன்னும் இல்லை. போன கிழமை கொப்பி திருத்தும்போது பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த வசனத்துக்குக் கீழே தானாகவே இன்னொன்று எழுதியிருக்கிறாள்: 'ஷி வில் கம் இன் டிசெம்பர்.' வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை. சரி போட்டுவிட்டேன்.