ஓய்வு எடுத்தும் போகாத குதிகால் வலி: மொட்டை மாடிப் படியில் 12 வாரம்

விடியல் ஓட்டம்:

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்துக்குச் சற்று மேலே, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். ஓடப் போனால் முதல் கிலோமீட்டரில் இருக்கும், அப்புறம் காணாமல் போகும். காணாமல் போகிறதே என்று மூன்று மாதத்துக்கு மேல் அந்த வலியோடேயே ஓடினேன். 40 வயதைத் தாண்டி ஓட வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. ஜனவரி அரை மாரத்தானுக்காகப் பெசன்ட் நகரில் கிளம்பி அடையாறு திரு.வி.க. பாலம் வரை போய்த் திரும்புவது வழக்கம். செப்டம்பரில், வாரத்துக்கு ஒரு நாள் இருந்த பாலம் ஏறும் பயிற்சியை ஒரேயடியாக மூன்று நாள் ஆக்கினேன். ஏற்றத்தில் உடம்பைத் தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால். அந்த இழுப்பு முழுவதும் கெண்டைக்காலையும் குதிகால் எலும்பையும் இணைக்கும் அகில்லிஸ் நாணில் போய் விழும். சமதரையில் ஓடினாலே உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுப்பைத் தாங்கும் நாண் அது. பழகுவதற்கு அவகாசமே கொடுக்காமல் அதன் தலையில் இன்னும் ஏற்றிவிட்டேன்.

ஜனவரியில் 21 கிலோமீட்டரை முடித்தேன். மறுநாள் படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. சரி, ஓய்வு எடுப்போம் என்று ஐந்து வாரம் ஓட்டத்தை நிறுத்தினேன். ஐஸ் வைத்தேன், அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். வலி சுத்தமாகப் போய்விட்டது. மறுபடி ஓட ஆரம்பித்த மூன்றாம் நாளே அதே இடத்தில், அதே வலி. அன்றுதான் உண்மையில் பயந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து மேலிருந்து கீழே நகர்த்தினார். குதிகால் எலும்புக்கு மேல் நான்கு விரல் தள்ளி ஓர் இடத்தில் கத்திவிட்டேன். அங்கே நாண் சுண்டைக்காய் அளவுக்குப் பருத்திருந்தது, கையிலேயே தெரிந்தது. பிறகு சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லி எண்ணினார். நல்ல காலில் 27. வலிக்கிற காலில் 11. அதற்கு மேல் எழும்பவே முடியவில்லை.

"ஐந்து வாரம் ஓய்வு எடுத்தீர்களே, அதில் வலி குறைந்தது. ஆனால் பலமும் சேர்ந்து குறைந்துவிட்டது. குறைந்த பலத்தோடு பழைய ஓட்டத்தை ஓடினால் நாண் என்ன செய்யும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அவர் சொல்லித்தான் ஹோகான் ஆல்பிரெட்சன் என்ற பெயரை முதலில் கேட்டேன். வடக்கு சுவீடனில் உள்ள உமியோ என்ற ஊரில் எலும்பு மருத்துவர். அவருக்கே இந்த வலி இருந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்க, அவர் மறுத்துவிட்டார். நாண் இன்னும் கெட்டுப்போனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வேண்டுமென்றே வலிக்க வலிக்கப் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தாராம். நாண் கெடவில்லை, வலிதான் போய்விட்டது. பிறகு அதையே முறையாகச் சோதித்து 1998-ல் வெளியிட்டார். நாள்பட்ட வலி இருந்த 15 பேர், எல்லோரும் பொழுதுபோக்காக விளையாட்டில் ஈடுபடுகிறவர்கள். 12 வாரம் கழித்து 15 பேரும் பழைய ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். ஓய்வு, மாத்திரை, ஷூவுக்குள் வைக்கும் அட்டை என்று வழக்கமான வைத்தியத்தில் இருந்த மற்ற 15 பேருக்குக் கடைசியில் ஆபரேஷன்தான் ஆனது. சின்ன ஆய்வுதான், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்கவும் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க இந்த வலிக்கான வைத்தியத்தையே அது திருப்பிப் போட்டது.

செய்முறை இதுதான். மொட்டை மாடிப் படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய நிற்க வேண்டும். நல்ல காலால் மேலே எழும்பி, எடையை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை, மூன்று சுற்று. முழங்காலை மடக்கி மறுபடி அதே அளவு. காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180. வாரத்தில் ஏழு நாளும். வலிக்காமல் செய்ய முடிந்தால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது 5 கிலோ அரிசிப் பை.

மூன்றாவது வாரம்தான் மிக மோசம். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, வலி குறைந்த மாதிரியே இல்லை. விட்டுவிடலாம் என்று போய் நின்றபோது பிசியோ சொன்ன ஒன்றை இன்னும் மறக்கவில்லை: "நீங்கள் வடையில் இருக்கும் ஓட்டையையே பார்க்கிறீர்கள். கெட்டுப்போன நார் அந்த ஓட்டை. சுற்றி இருக்கும் வடை நல்ல நார். அதைப் பலப்படுத்தத்தான் இவ்வளவும்."

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு டென்மார்க் ஆய்வு இருக்கிறது, 2013-ல் வந்தது. 1955-லிருந்து 1963 வரை நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏகத்துக்கும் கூடியது, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் திசுவில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். தசை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அகில்லிஸ் நாணின் உள்மையமோ ஏறக்குறைய 17 வயதுவரை உருவானதோடு சரி, அதற்குப் பிறகு மாறவே இல்லை. அதாவது இன்று நான் ஓடுவது பள்ளிக்கூடம் முடித்த வயதில் கிடைத்த அதே நாணில். இதைப் படித்த பிறகு அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அவசரப்படுத்துவதை நிறுத்தினேன்.

சமையலறைக் கதவில் தொங்கும் காலண்டரில் தினமும் காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். இதுவும் சுவீடன்காரர்களின் வழிதான். கோத்தன்பர்க் நகரில் 38 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. ஒரு பாதியினரை ஆறு வாரம் ஓட விடவில்லை. மறுபாதியினர் ஓடலாம், குதிக்கலாம். ஆனால் வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். இருவருக்கும் உடற்பயிற்சி ஒன்றுதான். முடிவில் இரு பாதியும் ஒரே மாதிரி தேறினார்கள். வலியே இல்லாமல் இருந்தால்தான் ஓடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது தவறு. கவனிக்க வேண்டியது மறுநாள் காலையை.

12 வாரம் முடிந்தபோது வலி ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்திருந்தது. இப்போது 180 கணக்கு இல்லை. வாரம் மூன்று நாள், நல்ல எடையோடு, மெதுவாக. இந்த முறையையும் 2015-ல் ஆல்பிரெட்சன் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கைவரும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

இடது ரைடர்:

அண்ணா, எனக்கு முழங்கால். திண்டுக்கல் பக்கம் ஊர்த் திருவிழாக் கபடி. ஆறு பேர் நின்றார்கள், போனஸ் எடுத்துவிட்டுத் திரும்பினேன். கால் மண்ணிலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கே கேட்டதாம். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால், முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுக்கக் கிழிந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதமே எங்கள் குழுவில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "நன்றாகத்தானே நடக்கிறாய், ஒரு மேட்ச் வா" என்பார்கள். நடக்கிறேன், ஓடுகிறேன், வீக்கம் இல்லை. எனக்கே போகலாம் என்றுதான் இருந்தது. என் பிசியோ ஒன்று செய்தார். தரையில் கோடு போட்டு ஒற்றைக் காலில் நொண்டி அடித்துத் தாண்டச் சொன்னார். நல்ல காலில் 1 மீட்டர் 70. ஆபரேஷன் காலில் 1 மீட்டர் 20. டேப்பை என் கையிலேயே கொடுத்து என்னையே படிக்கச் சொன்னார்.

நார்வே ஆய்வு ஒன்றை அவர் சொன்னார், 2016-ல் வந்தது. ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடப் போட, மறுபடி முழங்காலில் அடிபடும் விகிதம் பாதியாகக் குறைந்தது. தொடை பலமும் நொண்டித் தூரமும் மற்றக் காலில் 90 சதவீதத்துக்கு வந்து, தேர்வில் தேறித் திரும்பியவர்களில் 100-க்கு ஆறு பேருக்குத்தான் மறுபடி அடி. தேறாமல் திரும்பியவர்களில் 38 பேருக்கு.

நான் பதினொன்றாவது மாதம்தான் இறங்கினேன். அந்த ஐந்து மாதம் களத்துக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதியது ஆபரேஷனைவிட வலித்தது அண்ணா. என்னோடு அடிபட்ட தம்பி ஒருவன் ஆறாம் மாதமே இறங்கினான். இப்போது இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அந்த டேப்பைக் காட்ட யாரும் இல்லை.

மாலை பேட்மின்டன்:

தம்பி, எனக்கும் ஏசிஎல்தான், நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. டாக்டர் முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம், முழங்கால் நழுவினால் அப்புறம் செய்யலாம் என்றார். 2010-ல் சுவீடனில் 121 பேரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். முதலில் பயிற்சி என்று ஆரம்பித்த 59 பேரில் 23 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்ட மற்றக் குழுவுக்கும் இவர்களுக்கும் முழங்கால் நிலையில் வித்தியாசம் இல்லை. வாரம் இரண்டு நாள் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறேன். கபடியில் திரும்புகிற வேகத்துக்கு இது ஒத்துவருமா என்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னைப் பார்த்து முடிவு செய்யாதே.

பி.டி. வாத்தியார்:

அரசுப் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியர். மண்டல அளவுப் போட்டிக்கு முந்தின வாரம் 100 மீட்டர் பையன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வருடா வருடம் இதே கதை. நீட்டி வளைக்கிற பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிக நேரம் நீட்ட வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

பிறகு நோர்டிக் பயிற்சியைப் பற்றிப் படித்தேன். பையன் முட்டி போட்டு நிற்க வேண்டும், இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவன் இடுப்பை மடக்காமல், பலகை சாய்வது போல முன்னால் மெதுவாகச் சாய வேண்டும், தொடையின் பின்தசையாலேயே எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அவ்வளவு நேரம். டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை வைத்துச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். இதைச் செய்த குழுக்களில் தொடைப் பிடிப்பு 15, செய்யாத குழுக்களில் 52. செலவு எதுவும் இல்லை. எங்களுக்கு ஒரு பழைய கோணிச் சாக்குப் போதும், முட்டிக்கு அடியில் போட.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. முதல் நாளே பத்து, இருபது செய்ய வைத்தேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பிள்ளைகளால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. ஒரு பையனின் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். அவர் கேட்டது நியாயம். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பழகாத தசைக்கு அந்த வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். அடங்குவதற்கு முன்னால் ஓட வைக்கக் கூடாது.

மருந்துக்கடைக்காரர்:

குதிகால் நாண் வலி இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் இந்த நாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் வைக்கலாம். அமெரிக்காவில் 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தரும்போது "எனக்கு நாண் வலி இருக்கிறது, ஓடுகிறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருந்தால் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விடியல் ஓட்டம்:

மருந்துக்கடைக்காரர் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ரைடர் தம்பி, அந்த டேப் விஷயத்தைப் படித்துவிட்டு இன்று காலை நானும் சுவரைத் தொட்டபடி நின்று எண்ணினேன். நல்ல கால் 29, மற்றது 25. பாலம் எப்போது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு முறை, மெதுவாக. திங்கட்கிழமை காலை முதல் அடி எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.