பெட்ரோல் டேங்கில் ஸ்க்ரூ இறங்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, அவசரமாக உதவி வேண்டும். காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்ட வீட்டுக்கு வந்தவர், பின் சீட்டுக்கு அடியில் தகரத்தில் ட்ரில் போட்டு ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார். அதற்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி மெல்லிய ஈரம், காருக்குள் நெடி. கீழே சொட்டவில்லை, ஓட்டை டேங்கின் மேல்பக்கம் என்று நினைக்கிறேன்.

ஸ்க்ரூவைக் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ஷெட்டிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு படர்ந்து அடுப்படி வரை போகும். பிள்ளைகள் இருக்கிற வீடு, அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

டேங்க் பிளாஸ்டிக், எச்டிபிஇ என்ற வகை. எம்-சீல் என்ற எபாக்ஸி பசையை வைத்து அடைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எச்டிபிஇயில் எபாக்ஸி சரியாக ஒட்டாது என்பதால் எனக்குச் சம்மதமில்லை. பெட்ரோலை எடுத்துவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறு, காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

பிளாஸ்டிக் வெல்டிங் செய்த டேங்கை நம்பி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, புதுப்பேட்டையில் பழைய டேங்க் வாங்கி மாற்றுவது மேலா? அப்புறம் முக்கியமாக, வீட்டுக்கே வந்து பெட்ரோலைப் பாதுகாப்பாக இறக்கித் தரும் மெக்கானிக் சென்னையில் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டியை லாரியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும்.